வெண்ணெய்ப் பீப்பாய்

குடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் லொரெட்டா ஹுட்னிக் எல்லாரையும் கை நீட்டச் சொல்லுவார். நீட்டிய உள்ளங்கை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விஸ்கி விடுவார். "தேய்ங்க. பனியில கை வெறைச்சாத் தேய்ப்பீங்கல்ல, அப்படித் தேய்ங்க." தேய்க்கத் தேய்க்கச் சாராயம் பறந்துபோய், கையில் தானியத்தின் வாசனை மட்டும் நிற்கும். பிட்ஸ்பர்க்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்த வக்கீல்களும் பல் டாக்டர்களும் தீர்த்தம் வாங்கியவர்கள் மாதிரிக் கையை மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரொட்டி என்பார் ஒருவர். ஈர வைக்கோல் என்பார் இன்னொருவர். மிளகு, புதினா, பழைய புத்தகம், மாமனார் வீட்டு மர அலமாரி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் தப்பென்று லொரெட்டா சொன்னதில்லை.

அவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். ரை விஸ்கியைக் குடித்துவிட்டு யாராவது "ஸ்மூத்தா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போச்சு. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டு அந்த ஆளையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அடுத்த ஊருக்கே கேட்கும் குரலில், "ஸ்மூத்தா வேணும்னா பாலைக் குடி, கண்ணு. இது ரை. நீ கடிச்சா அது திருப்பிக் கடிக்கணும்" என்பார். திட்டு வாங்கியவர்கள்தான் அதிகமாகப் பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மொனொங்கஹீலா ஆற்றின் கரையில், ஒரு காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் எங்கள் வடிசாலை இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து நாங்கள் நாலு பேர். நான் லேபிள் ஒட்டுகிறவன். லொரெட்டா சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறவர். வயது அறுபத்தாறு. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்ட மேசைக்குப் பின்னால் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுகொள்வார். இங்கே வருவதற்கு முன் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தார். தலையில் போடும் சமையல் வலையை இன்னமும் போடுகிறார். விஸ்கியில் முடி விழுந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு ஊற்றமாட்டார். முதலில் ஆளுக்கு அரை பியரோகி, கொழுக்கட்டை மாதிரியானது, தட்டில் வைத்துக் கொடுப்பார். உள்ளே உருளைக்கிழங்கு, மேலே வதக்கிய வெங்காயம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டில் செய்து எடுத்து வைத்துவிடுவார். அதை மென்று முடித்தவர்களைத்தான் வரிசையில் அடுத்த இடத்துக்கு விடுவார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் அது. அவர் எதிரில் நிற்கும் ஐம்பது வயது மனிதர்கள்கூடத் தட்டைக் காலி செய்துவிட்டு, "முடிச்சிட்டேன்" என்று காட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

ரை என்றால் என்னவென்று தெரியாமல் வருகிறவர்கள்தான் அவருக்குப் பிடித்தமானவர்கள். எல்லாம் தெரிந்தவர்கள் வந்தால் டுவேனிடம் தள்ளிவிடுவார். டுவேன் முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி. ஊறல் தொட்டிகளும் பீப்பாய்களும் அவன் பொறுப்பு. தெரியாதவர்களுக்கு லொரெட்டா சொல்லும் பாடம் நாலே வாக்கியம். கோதுமை பிழைக்காத மண்ணில் பிழைத்துக்கொள்கிற பயிர் இது; மேலே ஒரு முழம் பனி கிடந்தாலும் அடியில் பச்சையாகப் படுத்திருக்கும். தானியத்தில் பாதிக்குமேல் ரை இருந்தால்தான் அந்தப் பேரைப் போடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம். மிச்சத்துக்குக் கென்டக்கிக்காரர்கள் மக்காச்சோளத்தைப் போட்டு இனிப்பாக்கிவிடுவார்கள்; நாங்கள் மக்காச்சோளத்தைத் தொடுவதில்லை, முளைகட்டிய பார்லி மட்டும் கொஞ்சம் சேர்ப்போம். வடித்து வரும்போது தண்ணீராட்டம்தான் இருக்கும்; உள்பக்கம் தீய்த்த புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடப்பதால் வருவதுதான் இந்தச் செம்பு நிறம்.

அவ்வளவுதான் பாடம். அப்புறம் ஊற்றுவார். "முதல் வாயை நம்பாதீங்க. அது வாசல்ல நிக்கிற விருந்தாளி, கதவத் தட்டும், அவ்வளவுதான். ரெண்டாவது வாய்தான் உள்ள வந்து உக்காரும்." முதல் வாயில் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாவதில் புருவம் மேலே போகும். மூன்றாவதற்குமுன் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக் குழாயால் ஒவ்வொரு கோப்பையிலும் மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவார். காரம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட, பின்னாலிருந்து இனிப்பு தலைகாட்டும். "இப்பப் பாரு, வந்துட்டான்" என்று ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் வந்த மாதிரிச் சொல்லுவார்.

ஐஸ் கேட்டால் கொடுத்துவிடுவார். கோலா கேட்டாலும் கொடுப்பார். ஒரு தடவை கிளீவ்லாந்திலிருந்து வந்த பெண் ஒருத்தி எங்கள் ஆறு வருஷத்து ரையில் ஆரஞ்சு சோடாவை ஊற்றிக் குடித்தாள். டுவேன் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். லொரெட்டா அந்தக் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். மாணவர்கள் எப்படிச் சாப்பிட்டாலும் சாப்பிட்டால் போதும் என்று நினைக்கிற சமையல்காரர் மனசு அது. 'ஸ்மூத்' மட்டும்தான் அவருக்கு ஆகாது.

இவ்வளவு நல்ல நாக்கு உள்ள மனுஷிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஊறல் பொங்கி அடங்கும் மூன்று நாலு நாளும் அதை யார் பார்த்துக்கொண்டார்களோ, அவர் பெயரைப் பீப்பாயின் முகப்பில் சுண்ணக்கட்டியால் எழுதுவோம். ஆறு வருஷம் கழிந்ததும், அந்த வருஷத்துப் பீப்பாய்களில் ஒன்றை எல்லாருமாக ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்போம். அது மட்டும் வேறு எதோடும் கலக்காமல் தனியாகப் பாட்டிலாகும். லேபிளில் காவல் இருந்தவர் பெயர் அச்சாகும். மற்ற பீப்பாய்களெல்லாம் ஒன்றாகக் கலந்து எங்கள் வழக்கமான ரையாகப் போய்விடும். முதலாளி கிரெய்க் மக்கெல்வி பெயர் இரண்டு தடவை வந்துவிட்டது. டுவேன் பெயர் ஒரு தடவை. லேபிள் ஒட்டுகிற என் பெயர்கூட ஒரு வருஷம் வந்தது. என் பெயரை நானே முந்நூறு பாட்டிலில் ஒட்டினேன். அந்தச் சந்தோஷத்தை இங்கே எழுதினால் அல்பமாகத் தெரியும்.

லொரெட்டாவுக்கு இருந்தது ஒரே ஒரு பீப்பாய். அதுவும் அவருக்கு விபத்தாகக் கிடைத்தது.

அப்போது அவர் பாட்டில் கழுவவும் தரை துடைக்கவும் வந்துகொண்டிருந்தார். ரையின் ஊறல் மற்ற தானியங்களின் ஊறல் மாதிரி அடங்கி இருக்காது. பசைபோல இழுபடும், திடீரென்று நுரைத்துப் பொங்கும். அன்றைக்குக் காவல் கிரெய்க்கினுடையது. அவர் ஆற்றுப் பக்கம் போனில் பேசப் போயிருந்த நேரம் பார்த்துத் தொட்டி பொங்கிவிட்டது. நுரை விளிம்பைத் தாண்டித் தரையில் ஓட ஆரம்பித்தது. துடைப்பத்தோடு நின்ற லொரெட்டா கூப்பாடு போடவில்லை. பிரிட்ஜைத் திறந்து, டுவேன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெண்ணெய்க் கட்டியை எடுத்துப் பாதியாக உடைத்துத் தொட்டியில் போட்டார். அறுநூறு பிள்ளைகளுக்குக் காய்ச்சும் அண்டாவில் பொங்கினால் அவர் செய்வது அதுதான். நுரை முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது.

திரும்பி வந்த கிரெய்க்கின் முகம் வெளுத்துப் போயிற்று. சுத்தமான தொட்டி, அளந்து போட்ட ஈஸ்ட், அதில் கடை வெண்ணெய். கொட்டிவிடலாமா என்று யோசித்தார். பழைய ஆள்கள் பன்றிக் கொழுப்பே போடுவார்கள் என்று டுவேன்தான் சமாதானம் சொன்னான். அதன்பிறகு அந்தத் தொட்டிப் பக்கமே கிரெய்க் போகவில்லை. மிச்ச நாளும் லொரெட்டாவே பார்த்துக்கொண்டார். வடித்துப் பீப்பாயில் அடைத்தபோது முகப்பில் அவர் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'வெண்ணெய்' என்றும் எழுதிவிட்டான் டுவேன். கிடங்கின் ஆற்றோர மூலையில், எல்லாவற்றுக்கும் அடியில், குளிர்ச்சியான இடத்தில் அதைத் தள்ளி வைத்தார்கள்.

அந்தப் பீப்பாயை லொரெட்டா ஆறு வருஷமும் சனிக்கிழமை தோறும் போய்ப் பார்த்தார். கையால் தடவுவார், மரத்தக்கை அடைத்த இடத்தில் மூக்கை வைத்து மோந்துவிட்டு வருவார். எதற்கு என்று கேட்டால், எலி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார். என்னிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னார். அவருடைய அக்கா பாலீன் மெத்தடிஸ்ட் குடும்பத்தில் வாக்கப்பட்டவர். ஒரு சொட்டு தொடாத வீடு. தங்கை சாராயம் வடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள் என்று எட்டு வருஷமாகத் தேவாலயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. 'சுற்றுலாத் துறையில் இருக்கிறாள்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"என் பேர் போட்ட பாட்டில் அவ வீட்டு அலமாரியில நிக்கணும். தங்கச்சி கொடுத்தது, தூக்கிப் போட முடியாது. வாராவாரம் அவளே தூசி தட்டணும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முப்பத்தோரு வருஷம் சமைச்சேன். என் சட்டையில 'சமையல்'னுதான் போட்டிருந்துச்சு. பேர் போடல" என்றார்.

இந்த மார்ச்சில் அந்த வருஷத்துப் பீப்பாய்களுக்கு முறை வந்தது.

தேர்வு சனிக்கிழமை காலை, வருகிறவர்களுக்குக் கதவு திறப்பதற்கு முன் நடக்கும். பீப்பாய்களிலிருந்து நீண்ட செம்புக் குழாயால் உறிஞ்சி எடுத்து, எண் மட்டும் ஒட்டிய குடுவைகளில் கிரெய்க்கின் மனைவி கொண்டுவந்து வைப்பார். எந்த எண் யாருடையது என்பது அவர் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் மட்டும் இருக்கும். அவர் ருசி பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் ஐந்து பேர்: கிரெய்க், டுவேன், நான், எங்களுக்கு ரை விளைவித்துத் தரும் விட்மர், லொரெட்டா. ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரை மணி. பிடித்த குடுவைக்கு முன்னால் அதை வைக்க வேண்டும். ஊற்றிக் கொடுக்கிறவர் கடைசியில் வைப்பார். மேசைக்கு எதிரே நின்று ஊர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லப்போவது அவர்தானே.

ஏழு குடுவைகள். மோந்து, ஒரு வாய் வைத்துப் புரட்டி, மரத்தூள் வாளியில் துப்பிக்கொண்டே போனோம். மூன்று சுற்றில் ஐந்து கழிந்தன. இரண்டாம் எண்ணும் நாலாம் எண்ணும் நின்றன.

நாலாம் எண் பிரமாதமான வாசனை. வாட்டிய ரொட்டி, பேரிக்காய், கொஞ்சம் தேன். வாயில் வைத்தால் அப்படியே பட்டாய் இறங்கியது. இரண்டாம் எண் முரடு. மிளகும் சோம்பும் மூக்கில் ஏறி, விழுங்கின பிறகும் தொண்டையில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தது. விட்மர் இரண்டுக்கு வைத்தார். டுவேன் நாலுக்கு வைத்தான். கிரெய்க் நாலுக்கு வைத்தார். விற்கிறவருக்கு அது சுலபமான சரக்கு. நான் ரொம்ப நேரம் தடுமாறிவிட்டு இரண்டுக்கு வைத்தேன்.

இரண்டுக்கு இரண்டு. லொரெட்டா கையில் ஒரு மணி.

அவர் முதலில் நாலாம் எண்ணை எடுத்து மோந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மோந்ததும் அவருடைய காது மடல் சிவந்துபோனதைப் பார்த்தேன். கோப்பையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஆறு வருஷமாக மரத்தக்கை வழியே மோந்த மூக்கு. அதற்குக் காகிதம் எதற்கு? எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. என் மணியைத் திரும்ப எடுத்து நாலுக்கு வைக்க முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாய் வைத்தார். துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கிவிட்டு எதற்கோ காத்திருந்தார். வெளியே சரக்கு ரயில் ஒன்று ஆற்றோரமாகப் போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு இரண்டாம் எண்ணை ஒரு வாய் வைத்தார். அதை விழுங்கியதும் லேசாக இருமினார். ரை மணியை இரண்டாம் எண்ணுக்கு முன்னால் வைத்தார்.

"நல்லா யோசிச்சீங்களா, லொரெட்டா?" என்றார் கிரெய்க்.

"நாலு நல்ல பிள்ளைதான். வாசல்ல வச்சு அழகாப் பேசுது. உள்ள போனா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. ரெண்டு உள்ள போயும் பேசுதுப்பா."

கிரெய்க்கின் மனைவி காகிதத்தைப் பிரித்தார். இரண்டாம் எண் டுவேன். நாலாம் எண்ணைப் படிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

டுவேன் குதித்திருக்க வேண்டிய நேரம். அவன் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். ஆறு வருஷமாக வெண்ணெய், வெண்ணெய் என்று அவரைக் கிண்டல் பண்ணிவிட்டு, கடைசியில் அந்த வெண்ணெய்க்கே மணி வைத்தவன் அவன். விட்மர் தொண்டையைச் செருமினார். கிரெய்க் நல்ல மனுஷர். இது நம் வீட்டு வழக்கம்தானே, கல்லில் எழுதிய சட்டம் ஒன்றுமில்லையே, இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். தெரியாமல்தானே வைத்தீர்கள் என்றார்.

"தெரியாம வச்சேன்னு யாரு சொன்னா?" என்றார் லொரெட்டா.

டுவேன் அவர் முன்னால் போய் நின்று, அந்தப் பீப்பாய் கலவையில் சேர்ந்தால் எங்கள் ரையே இந்த வருஷம் ஒரு படி மேலே போகும் என்று முணுமுணுத்தான். அது சும்மா சமாதானம் இல்லை. கலவைக்குப் போகும் மற்ற ஐந்து பீப்பாய்களும் முரடு; நாலாம் எண் சேர்ந்தால்தான் குடிக்க லகுவாகும். லொரெட்டா அவன் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். லேபிளில் போட அவன் பெயரை முழுசாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எல்லாரும் கலைந்த பிறகு நான் கோப்பைகளைப் பொறுக்கப் போனேன். லொரெட்டா தடுத்தார். நாலாம் எண் கோப்பைகள் ஐந்தையும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். யார் வாய் வைத்தது என்ற கவலையெல்லாம் அந்தச் சுத்தக்காரிக்கு அன்றைக்கு இல்லை. குடுவையில் மிச்சம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும் என்றார். அத்தனையையும் சேர்த்தால் மாதிரிக்குக் கொடுக்கும் குட்டிப் பாட்டில் ஒன்று, உள்ளங்கை அளவுதான், நிரம்பியது. தக்கையை அழுத்தி மூடினார். மேலே கசிந்ததைத் துணியால் துடைத்தார்.

"ஒரு லேபிள் குடேன். ஒண்ணும் எழுதாதது."

கொடுத்தேன். என் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பால் பெட்டியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை தேர்வு எழுதுவது போல நாக்கை ஓரத்தில் கடித்தபடி எழுதினார். லொரெட்டா அன்னா ஹுட்னிக். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்ற எனக்கு, அவர் பெயருக்கு நடுவில் ஓர் அன்னா இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒட்டித் தரட்டுமா, என் வேலைதானே என்றேன்.

தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவரே ஒட்டினார். கொஞ்சம் கோணல்தான். வாசலில் கார் கதவுகளைச் சாத்துகிற சத்தமும் ஆள்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. யாரோ மணியை அடித்தார்கள். இரண்டாம் தடவையும் அடித்தார்கள். லொரெட்டா எழுந்திருக்கவில்லை. லேபிளின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பசை காய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.